நான்கு தசம் எட்டு

கிண்ணியா
2025 ஜனவரி 6

தம்பி நிப்றாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா என்று கேட்டுத் தொடங்கினால் கை பொய் எழுதும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நவம்பரில் உன் இலக்கத்தை என் போனில் தடுத்து வைத்தது நான்தான். "நானா ராத்தா அவள வரச் சொன்னனான்?" என்று நீ கேட்ட அன்று. கதைத்தால் மறுபடியும் சண்டைதான் வரும். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ இடையில் பாயமாட்டாய். முத்திரை வாங்கப் போனபோது தபாற்கந்தோரில் இருக்கும் பிள்ளை சிரிக்கிறாள், "டீச்சர், இந்தக் காலத்திலயும் கொழும்புக்குக் கடிதமா?" என்று. என்ன சொல்ல? கூடப்பிறந்தவனோடு வாய் திறந்து கதைக்க ஏலாமல் போய்விட்டது என்றா சொல்ல?

நீ வேலை பார்த்த ஓக்மியர் கெம்பஸை மூடி இரண்டு மாதமாகிறது. என் மகள் அம்ரா அங்கே இரண்டு வருடம் படித்த உயிர்மருத்துவப் பட்டத்தை அதை வழங்க வேண்டிய வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கைகழுவிவிட்டது. அவள் முன்னறையில் படுத்தே கிடக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள், சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுக்கிறாள். பார்க்கப் பயமாக இருக்கிறது.

அறுபத்து மூன்று பிள்ளைகளின் முறைப்பாட்டை விசாரிக்க ஒரு குழு அமைத்திருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகள் ஏமாற்றப்பட்டார்கள் என்று குழு ஏற்றுக்கொண்டால், நிறுவனம் தன் செலவில் அவர்களை வேறோர் இடத்தில் மூன்றாம் வருடத்தில் சேர்க்க வேண்டும். ஏற்காவிட்டால் இரண்டு வருடமும் போனதுதான். நிறுவனத்தின் வழக்கறிஞர் என்ன பதில் கொடுத்திருக்கிறார் தெரியுமா? "இந்த மாணவர்களே தவணைதோறும் மதிப்பீட்டுப் படிவம் நிரப்பி, கற்பித்தலுக்கு ஐந்துக்கு நான்கு தசம் எட்டுப் புள்ளி வழங்கியிருக்கிறார்கள். திருப்தி என்று எழுதியவர்கள் இன்று முறையிடுகிறார்கள்."

அம்ரா அப்படியொரு படிவத்தை இரண்டு வருடத்தில் கண்ணால்கூடக் கண்டதில்லை. படிவங்கள் எல்லாம் தர உறுதிப்பாட்டுப் பிரிவில்தான் இருந்தன. அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவன் நீ. அப்படியென்றால் அவற்றை நிரப்பியது யார் தம்பி?

மாணவர்கள் நிரப்பவில்லை என்று ஒரு பக்கம் எழுதி ஒப்பமிட்டுத் தா. நீ குழுவின் முன்னால் வரத் தேவையில்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் ஆவணங்களைத் திரட்டிக் கொண்டுபோவது நான்தான். கடைசித் திகதி பெப்ரவரி 20.

ராத்தா சுஹைரா


தெஹிவளை
2025 ஜனவரி 14

மதிப்புக்குரிய ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் பத்தாந் திகதி கிடைத்தது. உறையில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. உள்ளே இருந்ததைப் படித்த பிறகு அது போய்விட்டது. நீங்கள் தடுத்து வைத்த பிறகும் நான் பத்துப் பதினைந்து தடவை எடுத்துப் பார்த்தேன்.

அம்ராவை நினைக்காத நாளில்லை. ஆனாலும் ஒன்றை நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். புள்ளியைப் பார்த்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தைத் தெரிவுசெய்கிறார்கள் என்பது பத்திரிகைக்காரர் சொல்லும் கதை. நானே இதை ஆராய்ந்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் "ஏன் இந்த இடத்தைத் தெரிவுசெய்தீர்கள்" என்று கேட்டோம். கூட்டாளி சேர்ந்தான் அதனால் சேர்ந்தேன் என்றவர்கள்தான் அதிகம். பஸ் வசதி என்றார்கள், பெரியம்மா வீடு பக்கத்தில் என்றார்கள். ஒருவன் கென்டீன் நல்லது என்று எழுதியிருந்தான். கற்பித்தல் தரப் புள்ளியைப் பார்த்து வந்தோம் என்றவர்கள் ஒன்பதே ஒன்பது பேர்.

ஆகவே அந்த எண் சரியோ பிழையோ, அதனால் யாருடைய வாழ்க்கையும் மாறவில்லை என்பது என் தாழ்மையான கருத்து. விளம்பரத் தாளில் ஒரு மூலையை நிரப்பத்தான் அது உதவியது. இதை வைத்துக் குழுவுக்கு எழுதுவதால் பிள்ளைகளுக்கு நன்மை வருமா என்பதும் எனக்குத் தெளிவில்லை. யோசித்துச் சொல்கிறேன்.

மச்சானுக்கு ஸலாம். இந்தமுறை தம்பலகாமத்து வயல் எப்படி?

தம்பி நிப்றாஸ்


கிண்ணியா
2025 ஜனவரி 20

நிப்றாஸ்,

உன் கடிதம் வர நான்கு நாள். வாசிக்க ஐந்து நிமிஷம். அதில் நான் கேட்ட கேள்விக்குப் பதிலை மட்டும் காணவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை விடை தெரியாத கேள்விக்கு முன்பக்கத்துப் பாடத்தை அப்படியே எழுதி வைக்கும். உன் கடிதமும் அப்படித்தான் இருக்கிறது.

வயலைப் பற்றிக் கேட்டிருந்தாய், சொல்கிறேன். அம்ராவுக்கு அரச பல்கலைக்கழகத்தில் விவசாய பீடம் கிடைத்தபோது உன் மச்சான் ரஹ்மான் தம்பலகாமத்தில் வரம்பு வரம்பாக நின்று சொன்ன மனிசன். "எண்ட மகள் படிச்சு வந்து என்னையே பிழை பிடிக்கப் போறாள்" என்று பெருமையாகச் சிரிப்பார். அந்த இடத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டுத்தான் அவள் ஓக்மியருக்குப் போனாள். விட்ட இடம் திரும்பக் கிடைக்காது. இப்போது அவர் யானைக் காவல் என்று சொல்லி வயலிலேயே இருந்துவிடுகிறார். வீட்டுக்கு வந்தால் மகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

வழக்கறிஞரின் பதிலில் ஆய்வுகூடக் கற்பித்தலுக்கு நான்கு தசம் ஒன்பது போட்டிருக்கிறது. அறுபத்து மூன்று பேருக்கு மூன்று நுணுக்குக்காட்டியாம். அதிலும் ஒன்றில்தான் ஏதாவது தெரியுமாம். அம்ரா இரண்டு வருடத்தில் அதற்குள் கண்ணை வைத்தது பதினொரு தடவை. அவள் எண்ணி வைத்திருக்கிறாள்.

உனக்கு நினைவிருக்கிறதா, எட்டாம் வகுப்பில் கணக்குக்கு நீ முப்பத்தெட்டு. வாப்பாவிடம் கொடுக்கும் முன்பு குசினிக்குள், அடுப்படியில் வைத்து மூன்றை எட்டாக்கினாய். நான் கண்டேன். நீ அழுதாய். நான் வாய் திறக்கவில்லை. எண்பத்தெட்டு என்று வாப்பா உனக்குச் சைக்கிள் வாங்கித் தந்தார், நீ என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு துறையடி வரைக்கும் ஓடினாய். நானும் சிரித்துக்கொண்டே ஏறி இருந்தேன். அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு அடியோடு முடிந்திருக்கும்.

படிவங்களை நிரப்பியது யார்? ஒரு வரியில் எழுது.

சுஹைரா


தெஹிவளை
2025 ஜனவரி 30

ராத்தா,

நான்தான்.

முதல் தடவை முந்நூற்று நாற்பது படிவம். இரண்டு நாள். பணிப்பாளர் பக்கத்து அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான்கு நிறப் பேனை வைத்திருந்தேன், இடையிடையே இடது கையால் எழுதினேன். எல்லாவற்றிலும் ஐந்து போட்டால் நம்பமாட்டார்கள் என்று எங்காவது ஒரு மூன்று போட்டேன். குறைகள் என்ற இடத்தில் "குளிரூட்டி சத்தம் போடுகிறது" என்று ஏழெட்டுப் படிவத்தில் எழுதினேன். அதை வாசித்துப் பணிப்பாளர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அம்ரா சேருவதற்கு முந்திய வருடம் உண்மையான படிவம் கொடுத்தோம், ராத்தா. பிள்ளைகள் மனம் விட்டு எழுதினார்கள். கூட்டிப் பார்த்தால் இரண்டு தசம் ஆறு. அந்தக் கட்டு அலுமாரிக்குள் போனது. அதன் பிறகு ஒருநாளும் படிவம் கொடுக்கவில்லை, தவணைதோறும் அதே நான்கு தசம் எட்டு வருமாறு நானே நிரப்பினேன்.

அம்ரா பதிவதற்கு முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஹுஸ்னியா வட்டிலப்பம் செய்து வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு, "மாமா, நான் எடுத்த முடிவு சரிதானே?" என்று கேட்டாள். "நல்லா யோசிச்சு முடிவெடுங்க மகள்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். புள்ளியைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு இந்த மாதம் வேறோர் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஹுஸ்னியாவுக்கு வயிற்றில் ஏழு மாதம். குழுவுக்கு எழுதினால் இந்த வேலையும் போகும், இனி எங்கும் எடுக்கமாட்டார்கள்.

அந்த ஒன்பது பேரில் அம்ராவும் ஒருத்தியா? அதை மட்டும் அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள். அவள் எண்ணைப் பார்த்துத்தான் வந்தாள் என்றால் நான் எழுதித் தருகிறேன். என் பக்கத்திலும் ஒரு நியாயம் வேண்டுமே.

இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். வாசித்ததும் எரித்துவிடுங்கள்.

நிப்றாஸ்


கிண்ணியா
2025 பெப்ரவரி 6

தம்பி,

எரிக்கவில்லை. தைரியம் வரவில்லை. உன் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன். கோபம் வரும் என்று பார்த்திருந்தேன், அழுகைதான் வந்தது. இடது கையால் எழுதினேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில்.

நீ கேட்டபடி அம்ராவிடம் கேட்டேன். அவள் எழும்பிப் போய்ப் பழைய கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். அதிலிருந்து கிழித்த பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். பார். கோடு போட்டு ஐந்து இடங்களின் பெயர் எழுதியிருக்கிறாள். தூரம், விடுதி, கற்பித்தல் தரம் என்று மூன்று நிரல். அரச இடத்துக்கு நேரே "ஏழு மணித்தியாலம் பஸ், வாப்பாவுக்கு விருப்பம்" என்று இருக்கிறது. ஓக்மியருக்கு நேரே நான்கு தசம் எட்டு. அதைச் சுற்றி வட்டம் போட்டுப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறாள் என்பதை நீயே வாசித்துக்கொள். நான் எழுதமாட்டேன்.

"மத்த இடமெல்லாம் நல்ல மார்க்ஸ்தான் போட்டிருந்த உம்மா" என்றாள். "அதெல்லாம் அவங்க தங்களுக்குத் தாங்களே போட்டது எண்டு எனக்குத் தெரியும். நான் ஒண்டும் நம்பல்ல. இதுல மட்டும்தான் கீழ மாமாட ஒப்பம் இருந்த."

உன் இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் எண்ணைப் பார்த்தார்கள் என்று நீ எண்ணினாய். எண்ணுக்குக் கீழே இருந்த பெயரைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்க உனக்குத் தோன்றவில்லை.

நியாயம் கேட்டாய், தந்துவிட்டேன். இனி எழுது. உன் ஒவ்வொரு கடிதமும் இங்கே வர நான்கு நாள் எடுக்கிறது. ஆகவே பதினைந்துக்கு முன் தபாலில் போடு. அதுவும் ஏலாவிட்டால் எழுதிக் கையொப்பமிட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு. இன்று காலை உன் இலக்கத்தைத் திறந்து வைத்துவிட்டேன். குழுவின் எழுதுவினைஞரிடம் கேட்டேன், படம் இருந்தால் அதையே ஒப்படைக்கலாம், மூலப் பிரதி பிறகு வரட்டும் என்றார்.

உன் முந்திய கடிதம் என் கைப்பையில் இருக்கிறது. அது எனக்கு எழுதியது, குழுவுக்கு எழுதியதல்ல. அதைத் தூக்கிக் கொடுக்கும் நிலைமைக்கு என்னை ஆளாக்காதே.

ராத்தா


தெஹிவளை
2025 பெப்ரவரி 17

அன்பான ராத்தாவுக்கு,

அம்ராவின் பக்கத்தை வாசித்தேன். அதன் பிறகு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. ஹுஸ்னியாவுக்கு வயிற்றுவலி என்று சொன்னேன். அதுவும் பொய்தான்.

நீங்கள் கேட்ட ஒரு பக்கத்தை எழுதி, தேசிய அடையாள அட்டை இலக்கத்தோடு ஒப்பமிட்டு, இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். படிவங்களை மாணவர் நிரப்பவில்லை, நானே நிரப்பினேன், உண்மையான புள்ளி இரண்டு தசம் ஆறு என்று தெளிவாக இருக்கிறது. ஐந்தாறு தடவை எழுதிக் கிழித்தேன். அதனால்தான் சுணங்கிவிட்டது. போனில் படம் அனுப்ப யோசனையாக இருந்தது. படம் என்றால் யார் யார் கைக்கெல்லாமோ போகும். மூலப் பிரதிதான் மரியாதை.

இன்று திங்கட்கிழமை. பின்னேரத் தபாலுக்கு முன்பே கொண்டுபோய்ப் போட்டுவிடுவேன். இன்ஷா அல்லாஹ் நேரத்துக்கு வந்து சேரும்.

என் கடமையைச் செய்துவிட்டேன் என்று அம்ராவிடம் சொல்லுங்கள். மாமாவை மன்னிக்கச் சொல்லுங்கள்.

நிப்றாஸ்


கிண்ணியா
2025 ஜூன் 11

நிப்றாஸ்,

பிள்ளை பிறந்தது என்று ஹுஸ்னியா படம் அனுப்பியிருந்தாள். பார்த்தேன். வாப்பாவின் நெற்றி. அல்லாஹ் அவனுக்கு நல்ல ஆயுளைத் தரட்டும். அதற்கு நான் ஒரு வார்த்தையும் பதில் போடவில்லை என்று அவள் வருத்தப்பட்டிருப்பாள். ஏன் என்று அவளுக்கு நீயே சொல்.

நான்கு மாதமாக எழுதாமல் இருந்தேன். இதுதான் கடைசி, அதனால் ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

பெப்ரவரி 20 வியாழக்கிழமை. மூன்று நாள் லீவு போட்டுக் கொழும்புக்கு வந்தேன். குழுவின் கந்தோருக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் காலை ஒன்பது மணிக்கு இருந்தவள் பின்னேரம் நான்கு மணி வரைக்கும் எழும்பவில்லை. போனைக் கையிலேயே வைத்திருந்தேன். நீ இருந்த இடத்திலிருந்து அந்தக் கந்தோர் முச்சக்கர வண்டிக்கு அரை மணித்தியாலம்கூட இல்லை. ஒரு படத்தை அனுப்ப எவ்வளவு நேரம் போகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உன் கடிதம் இங்கே வீட்டுக்கு வந்தது மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்குப் பிறகு. பதினேழும் நான்கும் இருபத்தொன்று. தபாற்காரன் ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. நான் நாள்கணக்கை எழுதியே அனுப்பியிருந்தேன். எழுதிவிட்டேன் என்ற நிம்மதியும் வேண்டும், எழுதியதால் ஒன்றும் நடக்கவும் கூடாது. அதற்கு ஏற்ற திகதியைத் தேடிப் பிடித்திருக்கிறாய். கணக்கில் முப்பத்தெட்டு எடுத்தவன் இதை மட்டும் சரியாகக் கூட்டியிருக்கிறாய்.

சனிக்கிழமையே அதைப் பதிவுத் தபாலில் குழுவுக்கு அனுப்பினேன். காலம் கடந்த ஆவணம் என்று உறையைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆகவே பயப்படாதே, உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது. மே மாதம் முடிவு வந்தது. மாணவர்கள் தாங்களே வழங்கிய மதிப்பீட்டின்படி கற்பித்தலில் குறை இருந்ததாக நிரூபிக்கப்படவில்லையாம். உன் ஒன்பது பேரின் கணக்கையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். புள்ளி பிழை என்றாலும் அதைப் பார்த்து யாரும் சேரவில்லையாம். அறுபத்து மூன்று பிள்ளைகளுக்கும் கதவு மூடியாகிவிட்டது.

அம்ரா இப்போது கிண்ணியா பாலத்தடியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் நிற்கிறாள். உயர்தரப் பெறுபேறு வந்து, பிள்ளைகள் எல்லாம் பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் பிரதி எடுக்க வருகிற காலம். ஒருத்தியின் விண்ணப்பமும் கோணாமல் எடுத்துக் கொடுக்கிறாளாம். கடைக்காரர் மெச்சுகிறார். அதைக் கேட்டு உன் மச்சான் வெளியே போய் நின்றுவிட்டார்.

போன கிழமை நான் அங்கே நின்றபோது பக்கத்து வீட்டு ரிஸ்னா வந்தாள். கையில் பளபளவென்று ஒரு விளம்பரத் தாள். "அம்ரா ராத்தா, இந்தக் கெம்பஸ் நல்லமா? நாலு தசம் ஏழு எண்டு போட்டிருக்கே" என்று கேட்டாள். அம்ரா வாங்கிப் பார்த்தாள். அவள் பார்த்தது எண்ணை அல்ல, கீழே இருந்த ஒப்பத்தை. நானும் பார்த்தேன். புதிய இடத்திலும் உனக்கு அதே வேலையா தம்பி? ஒப்பத்தைக்கூட மாற்றவில்லை. "ந"வுக்குக் கீழே அதே வால்.

அம்ரா தாளை மடித்து ரிஸ்னாவிடம் திருப்பிக் கொடுத்தாள். "புள்ளியப் பாக்காத, தூரத்தப் பாக்காத. உனக்குச் சொந்தக்காரர் ஆரும் இல்லாத இடமாப் பாத்துப் போடு" என்றாள்.

உனக்கு நல்ல அடி விழுந்தது என்று நினைத்தேன். மறைக்காமல் சொன்னால், எனக்கு உள்ளூரத் திருப்திதான்.

வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் கேட்டாள். "உம்மா, அலுமாரிக்குள்ள ஒரு கடிதம் கிடந்திச்சு. ஜனவரி முப்பது எண்டு போட்டது. நான்தான் எண்டு மாமா எழுதினது. நீங்க கொழும்புக்குப் போன அண்டைக்கு அது உங்கட பேக்குக்குள்ள இருந்ததா?"

அன்று நான்கு மணிக்குக் கந்தோர்க் கதவைச் சாத்த வந்த எழுதுவினைஞர் என்னிடம், "டீச்சர், வேற ஏதும் ஆவணம் இருக்கா?" என்று கேட்டார். கைப்பை என் மடியில் இருந்தது. நான் இல்லை என்றேன். குசினிக்குள் நீ மூன்றை எட்டாக்கியபோது எந்த வாயை மூடிக்கொண்டு நின்றேனோ, அதே வாயால் இல்லை என்றேன்.

"ஓம்" என்று அம்ராவிடம் சொன்னேன். அவள் உள்ளே போனாள். அதோடு என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். சொந்தக்காரர் என்று அவள் கடையில் சொன்னது உன்னை மட்டும்தான் என்று அதுவரைக்கும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுஹைரா